ரஷ்யக்காரியின் புத்தகம்

மாரி காலத்தில் அச்சகத்துக்குள் தாள் ஈரம் பிடித்துவிடும். அதனால் அந்த மாதங்களில் நான் புத்தக வேலை எடுப்பதில்லை. நல்லரத்தினம் சேர் கேட்டார் என்பதற்காகத்தான் எடுத்தேன்.

சேர் ஆரையம்பதிக்காரர். இளம் வயதில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். ஓய்வு பெற்றபின் வேரா லுகினா என்ற கவிஞரைத் தமிழாக்குவதே அவருக்கு வேலை. அந்த அம்மாவின் மகனை அரசாங்கம் கொண்டுபோனது. அதை எழுதியதற்காக அவரையும் வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள்; அங்கேயே இறந்தார். தோழிகள் மனதில் வைத்திருந்த கவிதைகளைப் பின்னாளில் சிறு புத்தகமாகப் போட்டார்களாம். இணையத்தில் தேடினாலும் அகப்படாத பெயர். சேரிடம் ஒரு பிரதி இருந்தது. அட்டைக்குப் படம் எடுக்க அதை என்னிடம் தந்திருந்தார்.

பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் கேட்டதால், ஒரு கவிதையை முதலில் துண்டுப் பிரசுரமாக அடித்தோம். 'கொண்டுபோனவர்களே, என் மகன் உப்புக் குறைத்துச் சாப்பிடுவான்' என்று தொடங்கும். 'உங்கள் வாசலுக்கும் ஒரு வண்டி வரும்' என்று முடியும். தாளில் இடம் போதவில்லை. வேராவின் பெயரை எடுத்துவிட்டு, தமிழாக்கியவர் பெயரை மட்டும் விட்டேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

என் மகன் ஸியாம் அந்த நேரம் தடுப்பில் இருந்தான். கைப்பேசியில் ஏதோ ஒரு வீடியோவைப் பகிர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வரும் போதெல்லாம் என் மனைவி சபூரா, "புள்ள மெலிஞ்சி போயிட்டான்" என்று மட்டும் சொல்வாள்.

விசாரணை அதிகாரி அந்தத் துண்டுப் பிரசுரத்தோடு புளியந்தீவில் என் அச்சகத்துக்கு வந்தார். சிங்களவர் என்றாலும் நல்ல தமிழ் பேசுவார்.

"இது யார் எழுதினது?"

"கீழ பேர் கிடக்கே, மாத்தயா."

அரசாங்கத்தை மிரட்டி எழுதினார் என்று அன்றே சேரைக் கொண்டுபோனார்கள். அது ரஷ்யக்காரி ஒருத்தி எழுதியது, மூலப் புத்தகம் அச்சகக்கார உசனாரிடம், அதாவது என்னிடம், இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் அதிகாரி மீண்டும் வந்தார்.

"உங்கட மகன்ட விசயமும் என்ட மேசையிலதான் கிடக்கு. சும்மா சொல்றன். அப்படி ஒரு புத்தகம் இருக்கா?"

இல்லை என்றேன். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை ஸியாம் வீட்டுக்கு வந்தான். சபூரா அவனுக்கு ஊட்டிவிட்டாள். அதைப் பார்த்தபோது எதையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேரின் மனைவி சின்னத்தங்கம் அக்கா மழையில் நனைந்துகொண்டு வந்தார்.

"தம்பி, அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் தேடிப் பாருங்க. அது கிடைச்சா விட்டுருவாங்க எண்டு வக்கீல் சொல்றார். எங்கட அவர் உங்களத்தான் நம்பி இரிக்கார்."

"தேடுவம் அக்கா."

இருவருமாகத் தேடினோம். தட்டுகளை இறக்கினோம், தாள் கட்டுகளைப் பிரித்தோம். இயந்திரத்துக்கு அடியில் அவர் முழந்தாளிட்டுக் கையை விட்டுப் பார்த்தார். நான் விளக்குப் பிடித்தேன். சோர்ந்து உட்கார்ந்தவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் அவர் சில தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் கூடவே தேடினேன்.

சேர் சர்க்கரை நோயாளி. மறியலில் அடைத்திருந்த இடத்தில் ஊசி மருந்து ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றார்கள். அவருடைய பிரேதப் பெட்டியை ஆரையம்பதிக்குக் கொண்டு வந்தபோது ஒரு பக்கம் தோள் கொடுத்தவன் நான்.

அந்தப் புத்தகத்தை, அதிகாரி இரண்டாம் முறை வந்து போன உடனேயே, தாள் வெட்டும் இயந்திரத்தில் வைத்துச் சீவல் சீவலாக வெட்டிக் கழிவுச் சாக்கில் போட்டேன். அக்கா தேடும்போது அந்தச் சாக்கு அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ஒன்று: எனக்கு ரஷ்ய எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வெட்டியது அந்தப் புத்தகத்தைத்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.