ஜெனிஸ்ராவின் ஒறுத்தல்

ஓம் சிஸ்டர், தெரியும், பிள்ளையளை விட இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. சும்மாதான் வெள்ளன வந்தனான். ஐயோ, கதிரை எல்லாம் என்னத்துக்கு, நான் இந்த வேம்புக்குக் கீழ நிப்பன். சரி, போட்டிட்டியள், இருக்கிறன். நீங்களும் இருங்கோவன்.

எங்கட ஜெனிஸ்ராவைப் பற்றித்தான். இல்லையில்லை, ஒருத்தரும் அவளைக் கிள்ளவுமில்லை, கடிக்கவுமில்லை. முறைப்பாடு சொல்ல வரேல்லை. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லோணும் எண்டு கன நாளா நினைச்சனான். என்னத்துக்கோ? பால் மறப்பிச்சதுக்கு!

சிரியுங்கோ, சிரியுங்கோ. ஊரே சிரிச்சுத்தானே முடிஞ்சது. வாற மடுத் திருநாளோட அவளுக்கு நாலு வயசு. உங்கட நேசறிப் பள்ளிக்கூடத்தால வந்து, படலையடியிலயே பையை எறிஞ்சிட்டு, அம்மா பாச்சி எண்டு கொண்டு மடியில ஏறுவாள். மீன் வெட்டின கையோட நிண்டாலும் விடமாட்டாள். மடியில படுத்தா கால் ரெண்டும் வெளியால தொங்கும், அவ்வளவு நீளம்.

நான் செய்யாத வேலையோ சிஸ்டர்? வேப்பங்குழை அரைச்சுப் பூசினன். ஒருக்கா நக்கிப் பாத்திட்டு இறங்கிப் போனாள். அப்பாடா எண்டு இருக்கிறன், ஈரத்துணியோட வந்து நிக்கிறாள்! வடிவாத் துடைச்சிட்டுக் குடிச்சாள். பிளாஸ்டர் ஒட்டி, அம்மாக்குக் காயம் எண்டன். பாவம் அம்மா எண்டு ஊதிவிட்டிட்டு மற்றப் பக்கம் குடிச்சாள். உயிலங்குளத்தில அக்கா வீட்ட ஒரு கிழமை விடுவம் எண்டு கொண்டுபோய் விட்டன். அண்டைக்குப் பின்னேரமே திரும்பப் போய்க் கூட்டியந்திட்டன். அவள் அழேல்லை, நான்தான் அழுதனான்.

என்ர மச்சாள் இருக்கிறாவெல்லோ, மாக்கிறட், என்ர மனிசன்ர தமக்கை. அவ கேக்கிறா, கலியாணம் கட்டிக் குடுக்கேக்க உன்னையும் சீதனத்தோட சேத்து அனுப்பிறதோடி எண்டு. வாயைப் பாருங்கோ.

பிறகுதானே திருநீற்றுப் புதன் வந்தது. தவக்காலத்தில எல்லாரும் நல்ல விருப்பமான ஒண்டை இயேசப்பாவுக்காக ஒறுத்தலா விடோணும் எண்டு நீங்கள் சொன்னியளாம். மற்றப் பிள்ளையள் டொபி எண்டுதுகளாம், சொக்லேட் எண்டுதுகளாம். என்ர ராசாத்தி எழும்பி நிண்டு, பாச்சி எண்டிருக்கிறாள்! அந்த ஞாயிறு பூசையில பொம்பிளையள் எல்லாம் என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்க, நான் சீலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடினதுதான். நற்கருணை வாங்கினது கூட ஞாபகம் இல்லை.

ரெண்டு நாளைக்கு இந்த விளையாட்டு எண்டு நினைச்சன். பிள்ளை அசையவேணுமே! சாராயம் விட்டனெண்ட என்ர மனிசன் முதலாம் வெள்ளிச் சிலுவைப்பாதையோட கவிண்டு போனார். இவள் எனக்கு முன்னால வந்து நிப்பாள், பாப்பாள், ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டு போயிடுவாள். எனக்கு நெஞ்சில பால் கட்டி, காய்ச்சலும் வந்து, முட்டைக்கோவா இலையை மேல வைச்சுக்கொண்டு கிடந்தன். அது மாறினாப் பிறகு, சொன்னா என்ன, நல்ல சுகம். தனிய மன்னார் ரவுணுக்குப் போய், ஆறுதலா நாலு கடை ஏறி இறங்கி வந்தன். நாப்பது நாள்தானே, அதுக்குள்ள அனுபவிப்பம் எண்டு.

ஓம் சிஸ்டர், நாப்பது நாள் முடியத் திரும்ப வருவாள் எண்டுதான் நினைச்சிருந்தனான். கலண்டரில நாள்கூட எண்ணினனான். மச்சாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிய, சனமெல்லாம் விட்டதைத் திரும்பப் பிடிச்சிட்டுது. மச்சாள் இறைச்சிச் சட்டியோட நிக்கிறா. மனிசனைக் கேக்கவே வேண்டாம். நான் முன்னுக்குப் பட்டன் தெறி வைச்ச சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில இருக்கிறன். மேல் தெறி ரெண்டும் கழண்டு கிடக்கு. என்ன கழண்டது, நான்தான் கழட்டினது. வந்தாள். பாத்தாள். அம்மா, வெக்கம் எண்டிட்டு, அந்தச் சின்ன விரலால ரெண்டையும் பூட்டிவிட்டிட்டு, ஐஸ்பழக்காரன்ர மணி கேக்குது எண்டு ஓடிட்டாள்.

அது நடந்து இண்டைக்குப் பத்து நாள். ஒருக்காவும் கேக்கேல்லை.

ஓம், நல்லதுதான். ஆர் இல்லையெண்டது. பெரிய பிள்ளையாகிட்டாள். ஆனா எனக்குக் கவலையாக் கிடக்கு சிஸ்டர். இவள் பிறந்ததோட எனக்குக் கர்ப்பப்பையையும் எடுத்துப்போட்டினம், உங்களுக்குத் தெரியும்தானே. இனி அந்த மடியில ஏற ஒருத்தரும் வரமாட்டினம். அதுகூடப் பரவாயில்லை. திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் அவள் குடிக்கேக்க நான் போனில தங்கச்சியோட கதைச்சுக்கொண்டிருந்தன். வலை விலை, தங்கச்சிட மாமியார்ர சண்டை, ஒண்டுமில்லாத கதை. கெதியாக் குடிச்சு முடியடி எண்டு துடையில ஒரு அடியும் போட்டன். அதுதான் கடைசி எண்டு ஆருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தா போனை வைச்சிட்டு அவளின்ர முகத்தைப் பாத்திருப்பனே.

அதுதான் நான் வெள்ளன வந்தது. நீங்கள் சொன்னா அவளுக்கு வேதவாக்கு. நாளைக்கு வகுப்பில, எல்லாருக்கும் பொதுவாச் சொல்லிற மாதிரி, தவக்காலம் முடிஞ்சுது பிள்ளையள், விட்டதுகளைத் திரும்ப எடுக்கலாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவியளோ? ஒரேயொருக்காத்தான் சிஸ்டர். குடிக்காட்டியும் பரவாயில்லை. வந்து கேட்டாளெண்டாலே எனக்குப் போதும்.

அந்தா, வெளியில வாறாள். நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதேங்கோ, என்ன.