செல்வி வயிற்றுத் தையல்

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது செல்வி. செத்துப்போன என் தங்கையின் பிள்ளை. கண்ணை மூடினால் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

பாளம் பாளமாக வெடித்த கரிசல் காடு. பிளவில் கால் சிக்குகிறது. பின்னால் நாங்கள் வேலை பார்த்த பட்டாசு ஆலை எரிகிறது. தொண்ணூற்றேழாம் வருஷம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை. காலை டீக்கு மணி அடித்து முடிந்த நேரம். எங்கள் அறையில் எட்டுப் பேர்.

முதல் சத்தம் சின்னது. ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல். தொப். மருந்து கலக்கும் அறை அது. இரண்டாவது சத்தத்தில் கூரைத் தகரம் எழுந்தது. மூன்றாவதை நான் கேட்கவில்லை. நெஞ்சில்தான் பட்டது. இடது காது அன்றைக்கு அடைத்தது. இன்றுவரை திறக்கவில்லை.

“கெழக்க ஓடுங்கட்டி! கெழக்க!”

கத்தியது எங்கள் அறை இசக்கியம்மாள். வாசலில் நின்று எங்கள் இருவரையும் வெளியே தள்ளினாள். மற்றவர்களை இழுக்க உள்ளே திரும்பினாள். அவள் வரவில்லை.

செல்வி நின்றுவிட்டாள்.

“ஏட்டி, நிக்காதட்டி!”

குனிந்து பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். தகரம் வயிற்றைக் கிழித்திருக்கிறது. அவளுக்கு அப்போது இருபது வயது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் வத்தல் ஏற்றி வந்த வேனை மறித்தேன். டிரைவர் யோசித்தான். சக்கரத்துக்கு முன்னால் படுத்தேன். ஏற்றிக்கொண்டான். கோவில்பட்டி வரை வத்தல் மூட்டை மேல் கிடந்தாள். நெடியில் தும்மினாள். ஒவ்வொரு தும்மலுக்கும் துணி நனைந்தது.

நாலு மணி நேரம் ஆபரேஷன். டாக்டரம்மா வெளியே வந்தார். குடலில் இரண்டு கிழிசல், தைத்தாயிற்று என்றார். மேலே போட்டது கறுப்பு நூல். பத்தாம் நாள் பிரிக்க வேண்டும். குடலில் போட்டதைப் பிரிக்க வேண்டாம்.

“ஏம்மா?”

“அது தானா கரைஞ்சிரும்மா. ஆட்டுக் குடல்ல செஞ்ச நூலு.”

எனக்குப் பதறியது. கோவில் கொடைக்கு வெட்டிய கிடாயின் குடலை எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் நாறிவிடும். ஆலை இல்லாத நாளில் வத்தல் மூட்டைக்கு வாய் தைத்தவள் நான். சணல் மழையில் இற்றால் மூட்டை பிளந்துகொள்ளும். அது எனக்குத் தெரியும்.

“கரையுற நூல வச்சா தைப்பாக? நல்ல நூலு இல்லேன்னா சொல்லுங்க. நான் சணலு கொண்டாரேன்.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“நூலு கரையுறதுக்குள்ள சதை ஒட்டிரும்மா. அதுவரைக்கும் பிடிச்சாப் போதும்.”

தலையாட்டினேன். நம்பவில்லை.

பத்தாம் நாள் கறுப்பு நூலைப் பிரித்தார்கள். நடக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் என் சட்டம். சாக்கை நாலாய் மடித்து அவள் வயிற்றில் இறுக்கினேன். எழ விடவில்லை. சிரிக்க விடவில்லை. தும்மல் வந்துவிடும் என்று தாளிக்காமலே சமைத்தேன்.

“பெரியம்மா, நான் என்ன மூடையா?”

“மூடைன்னா நானே தச்சிருப்பேன். சும்மா கெட.”

ஆறு நாள் கிடந்தாள். ஏழாம் நாள் காய்ச்சல். மூச்சு இழுக்கிறது. நெஞ்சு கரகரவென்கிறது. மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சாக்கை அவிழ்த்தார்.

“யாரு இப்படிக் கட்டிப் போட்டது?”

“நாந்தான்.”

“தையல் நல்லாத்தான் இருக்கு. அசையாமக் கெடந்து நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இவ இருமணும். இருமலேன்னா பிழைக்க மாட்டா.”

தப்பு என்னுடையது. அதையும் எழுதுகிறேன். மறைக்க மாட்டேன்.

வயிற்றின் மேல் தலையணை வைத்தார்கள். அதன் மேல் என் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். நூல் இற்றிருக்கும் என்றே நினைத்தேன்.

“இருமுட்டி.”

என் முகத்தைப் பார்த்தாள். இருமினாள். கைக்கு அடியில் வயிறு குதித்தது. காத்திருந்தேன். ஈரம் இல்லை.

“இன்னொருக்கா.”

பிடித்தது. மூன்றாவது இருமலில் சளி வந்தது. நான் அழவில்லை.

“உங்க தையலு பரவால்ல” என்றேன். இப்போது டாக்டரம்மா சிரித்தார்.

கார்த்திகையில் ஆலைக் கணக்கர் வீட்டுக்கு வந்தார். கையில் காகிதம். செத்தவர்கள் நாலு பேர், ரேகை வையுங்கள் என்றார். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. விரல் வைத்து வாசித்தேன்.

“சுப்புத்தாயும் கோமதியும் எங்க, அண்ணாச்சி?”

“அவிய ரெண்டு பேரும் ஆலை நோட்டுல கெடையாது.”

“தீயில கெடந்தாகள்லா.”

“ஒத்தப் பொம்பள சொன்னா யாரு கேப்பா?”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. செல்வி எழுந்து வந்தாள். யாரும் பிடிக்கவில்லை. சாக்கும் கட்டவில்லை. வாசல் நிலையைப் பிடித்து நின்று ஆறு பெயரையும் சொன்னாள். அத்தனை சத்தமாய். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பொம்பள ஆச்சு” என்றேன். விரலை மடக்கிக்கொண்டேன். காகிதம் ரேகையில்லாமலே போனது. அப்புறம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் ரேகையில்லாமலே போனார்.

எட்டுப் பேரில் ஆறு பேர் போனார்கள். இசக்கியம்மாள். பேச்சியம்மாள். ராமலட்சுமி. குருவம்மாள். சுப்புத்தாய். கோமதி. இடிந்த அறைகள் நாலு. என் இடது காது. செல்வி வயிற்றில் ஒரு சாண் தழும்பு. குடலில் போட்ட நூலில் ஒரு இழை மிச்சமில்லை.

அந்த வயிற்றில் மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சிரிச்சது போதும். ஏட்டி, மொதல்லேருந்து வாசி. பேரு வரும்போது நிறுத்தி, சத்தமா வாசி. வலப்பக்கம் வந்து உக்காரு. ஆச்சிக்கு இந்தக் காதுதான் கேக்கும்.