பாதிக் காற்று

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். விழுப்புரத்தில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எதையும் கற்றுக்கொள்வது என் பழக்கம். ராஜாமணியின் டயர் கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. மாலை நடை முடிந்து திரும்பும்போது, அங்கே கிடக்கும் பழைய லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காவல் ஆய்வாளர் அவர்களே, நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது நான் சொன்னவற்றில் சில சரியல்ல. அவற்றைத் திருத்தவே இதை எழுதுகிறேன். அப்போதே சொல்லாததற்குக் காரணம் பயம். இப்போதும் பயம்தான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் மனைவி சவுரியம்மாள் இறந்துபோன வண்டியில் நானும் இருந்தேன். திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடிந்து வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பின் டயர் வெடித்தது. அவள் அப்போது என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பாலுக்கு ஒற ஊத்திட்டுத்தான வந்தேன், இல்ல..." என்றாள். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது. எனக்குச் சட்டைகூடக் கிழியவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தேன். உறை ஊற்றித்தான் வைத்திருந்தாள். தயிர் புளித்துப் போயிருந்தது.

ஏன் வெடித்தது என்று பிறகு ராஜாமணியிடம் கேட்டேன்.

"காத்து கம்மியா இருந்திருக்கும் சார். டவுனுக்குள்ள ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. பைபாஸ்ல ஏறி வேகமா போவப் போவ டயரு சூடாயிக்கினே வரும். அப்புறம் ஒரே போடு. வாடகை வண்டி டிரைவருங்க எங்க இதெல்லாம் பாக்குறாங்க?"

காரணம் தெரிந்தது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு என் மகள் அமலா, குழந்தை வெண்ணிலாவோடு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். அவள் கணவர் இனியவனுக்குத் தாம்பரத்தில் வேலை. சனிக்கிழமைகளில் வருவார். அமலாவுக்கு ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. திண்டிவனத்தைத் தாண்டிப் போக வேண்டும். தினமும் அதே சாலையில், அதே கூட்டேரிப்பட்டு வழியாக, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள்.

அவள் கார் தெருவைக் கடந்ததும் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். தண்ணீர்ச் சத்தத்தில் லாரிகளின் ஹாரன் கேட்காது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேம்பா" என்று போன் செய்வாள். அதுவரை நான் வாயில் ஒன்றும் வைத்ததில்லை. மாலையில் மறுபடியும் அப்படியே. இதை அவளிடம் சொல்லாமல் இல்லை. பஸ்ஸில் போகச் சொன்னேன். "பஸ்ஸு மட்டும் வானத்துலயாப்பா போவுது? அதே ரோடுதான்" என்று சிரித்தாள். நியாயமான பதில்தான்.

ஒருநாள் காலை அவள் காரில் ஒரு டயர் தரையோடு படிந்திருந்தது. ஆணி ஏறியிருந்தது. ராஜாமணி கடை திறக்கவே நேரமாகிவிட்டதால் அவள் விடுப்புச் சொல்லிவிட்டாள். அன்று வஞ்சிரம் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மத்தியானம் அவள் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க, நான் அசந்து தூங்கினேன். சவுரியம்மாள் போன பிறகு எனக்கு வாய்த்த முதல் முழுத் தூக்கம் அது.

அப்படி இன்னொரு நாள் வேண்டும் என்று எந்தத் தகப்பனும் நினைப்பான். நான் நினைத்ததோடு நிற்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சியை முறித்து, டயரின் வால்வு மூடியைக் கழற்றி, குச்சியால் அழுத்திப் பிடித்தேன். குழந்தையைத் தூங்க வைக்க 'உஸ்' என்று சொல்வோமே, அந்தச் சத்தத்தோடு காற்று இறங்கியது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ராஜாமணி சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்ப்பார். ஒரு குமிழி வராது.

"இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது. ஓட்டையே இல்லாத பஞ்சரு. உங்க தெருவுல யாருக்குனா உம்மேல கண்ணா?"

"எங்கப்பாவத் தவிர எங்க தெருவுல யாருண்ணே என்னைக் கண்டுக்குறாங்க?" என்றாள் அமலா.

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வால்வை மாற்றிப் பார்த்தார்கள். பங்குத்தந்தையை அழைத்துவந்து காருக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்கள். நான் கைகூப்பி நின்று ஆமென் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதானே அந்த ஜெபம்.

இதற்குள் அவளுக்கு விடுப்பு தீர்ந்துவிட்டது. பள்ளியில் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி வைத்துப் பேசினாராம். அன்று வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, டயரையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். ராஜாமணியிடம் வாங்காமல் போனில் பார்த்து வெளியூரிலிருந்து வரவழைத்தாள். நான்கு டயர்களும் பிளாஸ்டிக் சுற்றி வீட்டுக்கு வந்து இறங்கின. மாட்டுவதற்கு மட்டும் ராஜாமணி கடைக்குக் கொண்டுபோனோம்.

"ஏம்மா, ஓட்டல்ல வந்து எலயப் போட்டுக்கினு, வூட்டுச் சோத்தக் கட்டிக்கினு வந்திருக்கேன், பரிமாறுன்றியே?" என்றார் ராஜாமணி.

"கொழம்பு மட்டும் நீங்க ஊத்துங்கண்ணே."

"ஊத்துறேன், ஊத்துறேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன், வெளியில வாங்குன டயருக்கு நான் ஜவாப்தாரி கெடையாது. நாளைக்கு ஒண்ணுன்னா வித்தவனத்தான் கேக்கணும்."

"வித்தவங்க, மாட்டுனவங்களக் கேளுன்னு போட்டிருக்காங்கண்ணே."

"சரியாப் போச்சு. அப்ப யாரத்தான் கேப்ப? உங்கப்பாவக் கேளு" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

விற்றவர் மாட்டியவரைக் கைகாட்டுவார், மாட்டியவர் விற்றவரைக் கைகாட்டுவார். இந்த டயர்களுக்குப் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை என்பது எனக்குள் தங்கிவிட்டது. அப்போது அதை வைத்து நான் எதுவும் திட்டமிடவில்லை. நட்டுகளை இறுக்கிவிட்டு, இரண்டு நாள் ஓடியதும் வண்டியை ஒருமுறை எடுத்துவரச் சொன்னார் ராஜாமணி. புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டுமாம். தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வண்டி ஒதறும் சார். சின்னக் கொழந்தகூட நிறுத்திட்டு எறங்கிடும்" என்றார்.

டயர்களோடு அமலா இன்னொன்றும் வாங்கியிருந்தாள். காற்றடிக்கும் சின்ன மிஷின். காரிலேயே செருகிக்கொள்ளலாம். அடுத்த முறை நான் காற்றை இறக்கியபோது, அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, தானே காற்று ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது எனக்குக் கையசைத்தாள். நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான், இனி காற்று உதவாது என்பது விளங்கியது.

ராஜாமணி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தது உண்மை. அவர் சொன்னதை வைத்து நீங்கள் என்னைக் கேட்டபோது, அப்படி ஒரு போன் வந்ததாக எனக்கு நினைவில்லை என்றேன். நினைவிருக்கிறது. "சார், பாப்பாவ வண்டிய எடுத்தாரச் சொல்லுங்க, நட்ட ஒருவாட்டி பாத்துடறேன்" என்றார். வேறு இடத்தில் பார்த்தாயிற்று என்று சொன்னேன். "ஓகோ, அதுக்கும் வெளிக்கடையா?" என்று கேலி செய்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அமலா உள்ளே வெண்ணிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இடதுபக்கப் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினேன். கழற்றவில்லை, தளர்த்தினேன். வண்டி உதறும், மாதா கோயில் முனைக்குள் அவள் நிறுத்திவிடுவாள், ராஜாமணி மேல் கோபத்தோடு திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டேன். வெண்ணிலாவின் பள்ளி அடுத்த தெருவில்தான். நான் நடத்திக் கூட்டிப்போவேன். குழந்தை அந்த வண்டியில் ஏற மாட்டாள் என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவையும் அடுத்த தெருக்களையும் தோண்டிப்போட்டிருந்தார்கள். அங்கே எல்லா வண்டியும் உதறியபடிதான் போகும். அமலா அதைப் பள்ளம் என்று நினைத்திருப்பாள். நான்குவழிச் சாலை வழுவழுவென்று இருக்கும். அங்கே ஏறியதும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கலாம். தெரிந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

வெண்ணிலாவைப் பள்ளியில் விட்டுவந்து, அமலாவுக்கும் சேர்த்து அரிசி களைந்து போட்டேன். அவள் வழக்கமாக அழைக்கும் நேரத்துக்குப் போன் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஓர் ஆண்பிள்ளை பேசினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அந்தச் சாலையில் என்னுடையவர்கள் யாரும் அப்போது இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். சக்கரம் கழன்று ஓடியது, அதனால் மாட்டியவர் மேல் தப்பு என்று டயர் விற்றவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ராஜாமணியை நீங்கள் அழைத்துப்போனீர்கள். கடை பூட்டிக்கிடக்கிறது. அவர் மனைவி கிருஷ்ணவேணி எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"சார், நீங்க தெனம் கடையில ஒக்காந்து பாத்தவரு. அவரு நட்ட முடுக்காம வண்டிய உடுற ஆளா சார்? ஒரு வார்த்த சொல்லுங்க சார். பொண்ணப் பறிகுடுத்தவரு சொன்னா கேப்பாங்க."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பார்க்கலாம் என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ராஜாமணி சரியாகத்தான் முடுக்கினார். தளர்த்தியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவரை விட்டுவிடுங்கள். என் கையெழுத்து கீழே இருக்கிறது.

இதை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. காலையில் அமலாவுக்கு நினைவுப் பூசை நடந்தது. இனியவன் வந்திருந்தார். குழந்தையைத் தன்னோடு தாம்பரத்துக்கே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"மாமா, நீங்க ஒண்டியா அவளப் பாத்துக்க முடியாது. அங்க ஸ்கூல் பாத்துட்டேன்."

ரயிலில் கூட்டிப்போங்கள் என்றேன். "கார் இருக்கும்போது எதுக்கு மாமா ரயிலு? ரெண்டு மணி நேரம்" என்றார். அவர் தகப்பன். நான் என்ன சொல்ல முடியும்?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருந்தபோது, துணிப்பைகளை எடுத்து வைக்கிறேன் என்று சாவி வாங்கி டிக்கியைத் திறந்து பார்த்தேன். காற்றடிக்கும் மிஷின் இல்லை. நட்டுகளை நான் தொடவில்லை. அந்தத் தப்பை மறுபடி செய்ய மாட்டேன். காற்றைத்தான் இறக்கினேன், அதுவும் பாதி. முழுதாக இறக்கினால் இங்கேயே பார்த்துவிட்டு, யாரையாவது கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவார். பாதி என்றால் பார்வைக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இனியவன் ஒன்றும் வாடகை வண்டி டிரைவர் இல்லை, நிதானமானவர். விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருவார்கள். இன்றைக்கு இங்கேயே தங்குவார்கள்.

கிளம்பும்போது வெண்ணிலா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "தாத்தா, என் கலர் பென்சில் டப்பாவ வெச்சிட்டல்ல, இல்ல..." என்றாள். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. டப்பா மேசை மேல்தான் இருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று பேருக்கும் உலை வைத்திருக்கிறேன்.

போன் செய்து சொல்லிவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. வண்டி ஓட்டும்போது போன் எடுப்பது ஆபத்து, அதனால் செய்யவில்லை.

அவர்கள் கிளம்பி நேரமாகிவிட்டது. நின்றிருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார்கள். போன் கூடத்தில் இருக்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் மணி அடித்தது எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

தேவசகாயம்