மீற்றர் காட்டிய மிச்சம்

தேத்தண்ணீருக்கு நன்றி, ஐயா. மின்சாரச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: பற்றரியில் எவ்வளவு மிச்சம்? மூதூரில் என் திருத்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் திரையில் தெரியும் கோடுகளை நம்பி ஏமாந்தவர்கள். ஏற்றத்தில் கோடு குறையும், நிறுத்தினால் மறுபடி கூடும். சரியான கணக்கு வேண்டுமென்றால், பற்றரிக்குள் போகிற மின்னையும் வெளியே வருகிற மின்னையும் எண்ணும் மீற்றர் பூட்ட வேண்டும். இதை நான் யாருக்கும் ஒளித்ததில்லை. என் மனைவி கஜந்தினிக்கு மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு அந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்தவனே நான்தான், பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வர. அவளோ சம்பூரில் இருக்கும் தமக்கை லோஜனா வீட்டுக்கும் போகத் தொடங்கினாள். போய்வந்தால் இரண்டு நாளைக்கு முகம் வேறாக இருக்கும். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "சும்மா வீட்டுக் கதைதான்" என்பாள். சண்டை பிடிப்பது என் பழக்கமில்லை. கோடுகள் வேளைக்கே குறையும்படி திரையை மாற்றி வைத்தேன். பாதிப் பற்றரி இருக்கும்போதே கடைசிக் கோடு மினுங்கும். பாதி வழியில் பயந்து திரும்பி வந்துவிடுவாள்.

"பற்றரி பழுதோ தெரியேல்லை," என்பாள்.

"ஓம், மலிவுப் பற்றரி. தூரம் ஏலாது," என்பேன். இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தோம்.

போன மாதம் சைக்கிளைக் கழுவும்போது இருக்கைக்குக் கீழே புது வயர் கண்டேன். எண்ணுகிற மீற்றர். கிண்ணியா ஸஜ்ஜாத்தின் கைவேலை. வயரின் மேல் அவன் ஒட்டு ரேப் சுற்றுகிற விதம் எனக்குத் தெரியும். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மெக்கானிக்கின் மனைவி இன்னொரு மெக்கானிக்கிடம் போய்த் தன் கணவனின் வார்த்தையைச் சோதித்திருக்கிறாள். துடித்துப்போனேன், ஐயா. அன்று இறால் குழம்பு வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டாள். இவ்வளவு பெரிய பொய்யை வைத்துக்கொண்டு ஒருத்தியால் எப்படிச் சோறு போட முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மீற்றருக்கு, பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் இரண்டு மடங்கு சொன்னேன். அதன் பிறகும் அது ஒழுங்காகத்தான் எண்ணும். ஆனால் பற்றரி முழுதாக வற்றும்போது பாதி மிச்சம் என்று காட்டும். பெடல்களையும் கழற்றினேன். தேய்ந்துவிட்டன, புதிது வரும்வரை மோட்டரில் ஓடலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், "அக்காட்டப் போயிட்டு வாறன். சார்ஜ் காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்," என்றாள்.

"உம்மட புது மீற்றரைப் பாரும்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான். கோவமோ?"

"இல்லை. ஆறுதலாக் கதைச்சிட்டு வாரும், பொழுதுபட்டாலும் பரவாயில்லை."

சம்பூர் வீதியோரம், சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மூடிய காணிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மம்மல் நேரம், இருட்டிக்கொண்டு வரும்போது, திரும்பி வரும் வழியில் நின்று தொலைபேசியில் கூப்பிட்டாள். "சைக்கிள் நிண்டிட்டுது. மீற்றர் பாதி காட்டுது, ஆனா ஓடுதில்லை. ஏனப்பா?"

"மீற்றர் பாதி காட்டினா பாதி இருக்கு. கொஞ்சம் விட்டிட்டு ஓடிப் பாரும்."

"பத்தைக்குள்ள ஏதோ முறியிற சத்தம் கேட்குது. நடந்து வரட்டோ?"

"வேண்டாம். சைக்கிளை விட்டிட்டு வராதையும். அதிலையே நில்லும், நான் வாறன்."

நான் போகவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். தொலைபேசி திரும்பத் திரும்ப அடித்தது, பிறகு நின்றுவிட்டது. யானை சைக்கிளைத் தொடவேயில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். ஓம், ஐயா, கணக்கை மாற்றியதும் நான், பெடலைக் கழற்றியதும் நான், அவளை அந்த இடத்திலேயே நிற்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதுங்கள். அவள் என்னை விட்டுவிட்டு ஒரு மீற்றரை நம்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.