மாமனார் மேல் கிடந்த பாளம்

மணி சரியாகப் பன்னிரண்டு… ராத்திரி இல்லை. பகல். உச்சிவெயில்.

ராத்திரியில் வருகிற பேய்க்கு என்ன, இருட்டு இருக்கிறது, ஒளிந்து நின்று பூச்சாண்டி காட்டும். பட்டப்பகலில், நிழல்கூடக் காலடியில் சுருண்டுகொள்கிற நேரத்தில் வருகிறதே… அதற்கு நெஞ்சு வேண்டும். அதை எதிர்த்து நிற்க இன்னும் பெரிய நெஞ்சு வேண்டும். கதவைச் சாத்துங்கள். அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இது எவாரிஸ்தோவின் சித்திக்கு நடந்தது. அவன் இதோ மூலையில்தான் இருக்கிறான். நான் ஒரு வார்த்தை பொய் சொன்னாலும் எழுந்து என்னைக் கேட்கட்டும்.

நம் அரெகிப்பா நகரத்தை விட்டு மேற்கே ஒரு மண்சாலை. கடைசி பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. மரம் கிடையாது, கடை கிடையாது, ஒரு நாய் கிடையாது. ஆகஸ்ட் காற்று மட்டும் மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். சாலை திடீரென்று இறங்கும்… இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவராகப் பாறை நிற்கும். நம் ஊர்க் கோயில், மடம், வளைவு, வாசல் எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து வந்த வெள்ளைக் கல்தான். இன்னும் அங்கே சம்மட்டியும் உளியுமாகத்தான் வெட்டுகிறார்கள்.

எவாரிஸ்தோவின் சித்தி பெனிக்னா அந்தச் சாலையில் தனியாக நடந்தாள். தோளில் புருஷனுடைய சம்மட்டி. பையில் ஆப்புகள், உளி, வேகவைத்த உருளைக்கிழங்கு. கதீட்ரல் கோபுரம் நிலநடுக்கத்தில் விழுந்ததே, அதற்கு அடுத்த வருஷம்.

அவள் புருஷன் இலாரியோ ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான். குவாரியில் யாருக்கும் பத்திரம் கிடையாது. எவன் வெட்டுகிறானோ அவனுக்கு அந்த இடம், அவ்வளவுதான் சட்டம். ஆகஸ்ட் கடைசியில் நகரத்திலிருந்து இன்ஜினியர் பார்வையிட வருவார். புதிதாக வெட்டிச் செதுக்கிய இருபது கல் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கைவிடப்பட்ட இடம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்படி எழுதிய அடுத்த வாரமே செவாயோஸ் என்கிற மனைத் தரகன் வேலி போட்டுவிடுவான். ஏற்கெனவே மூன்று பேருடைய இடத்தை அப்படித்தான் விழுங்கினான். இன்ஜினியர் வர இன்னும் ஒன்பது நாள்.

“போகாத பெனிக்னா,” என்று இலாரியோ படுக்கையிலிருந்து கெஞ்சினான். “அங்க அப்பா இருக்காரு.”

“உங்கப்பா இருபத்திமூணு வருஷமா அங்கதான் இருக்காரு. இன்னிக்கு வரைக்கும் நமக்கு ஒரு கல்லு ஒடச்சுக் குடுத்தாரா? சும்மா படுங்க.”

உபால்தோ. இலாரியோவின் அப்பா. அவரைப் போல ஒரு முசுடு அந்தப் பள்ளத்தில் பிறந்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவர் போகமாட்டார். ‘கல்லுக்குப் பசிக்குதா?’ என்பார். வாயில் எப்போதும் சோம்புச் சாராய நெடி. வலது கட்டைவிரல் பாதிதான் உண்டு… மீதியைச் சம்மட்டி தின்றிருந்தது. அவர் அடிக்கிற அடியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஓங்கி ஒன்று, சின்னதாக இரண்டு. டொக்… டக்-டக்.

அப்படி ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் மேலேயிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்திருந்தது. லாரி நீளம். இரண்டு கல்லை அடுக்கிய கனம், அடிப்பக்கம் குறுகல். அதைத் தூக்க அந்தக் காலத்தில் யாரிடம் இயந்திரம் இருந்தது? பாதிரியாரைக் கூட்டிவந்து பாளத்தின் மேலேயே பிரார்த்தனை செய்தார்கள். ஒரு சிலுவையை நட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பாளத்தில் யாரும் உளி வைத்ததில்லை. பகல் பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்பதும் இல்லை.

பெனிக்னா நேராக அந்தப் பாளத்தின் மேல்தான் ஏறி நின்றாள்.

வேறு வழி? செங்குத்துப் பாறையிலிருந்து கல்லை இறக்க நாலு ஆம்பளை வேண்டும், கயிறு வேண்டும். இது தயாராகக் கீழே கிடந்தது. விரிசல் இல்லாத நல்ல கல்.

சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பக்கத்து இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஹெனாரோ பதறிப்போய் ஓடிவந்தார். குவாரிச் சங்கத் தலைவர் அவர்.

“தங்கச்சி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அடியில மனுஷன் கெடக்காரு!”

“செத்த மனுஷன்தானே அண்ணே, செவாயோஸ் இல்லையே! செத்தவர் யாரையும் ஊரை விட்டுத் துரத்தமாட்டார்.”

“பொம்பள உளி புடிச்சா கல்லு பொளக்காதுன்னு உன் மாமனாரே சொல்லுவாரு.”

“அவர் சொல்லட்டும். நீங்க ஏன் அவருக்கு வக்காலத்து வாங்கறீங்க?”

ஹெனாரோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போய்விட்டார். உதவிக்கு ஒருத்தரும் வரவில்லை. வரப் பயம். அவளுக்கும் பயமில்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் படுத்துக்கிடந்த புருஷனையும் இரண்டு பெண் குழந்தைகளையும் நினைத்தாள். பயம் போய்க் கோபம் வந்தது.

முதல் நாள் அரைக் கல்கூட ஒழுங்காக வரவில்லை. உள்ளங்கை கிழிந்து சம்மட்டிக் காம்பில் ரத்தம் ஒட்டியது. பன்னிரண்டு மணி ஆயிற்று. மற்ற சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பள்ளம் முழுக்க நிசப்தம். அவள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அடி அடித்தாள். அது எதிரொலித்தது என்று நினைத்தாள்.

அடிப்பதை நிறுத்தினாள்…

டொக்… டக்-டக்.

பாளத்துக்கு அடியிலிருந்து. காலில் அதிர்வு தெரிந்தது. காற்று நின்றிருந்தது, ஆனாலும் சோம்பு வாசனை குப்பென்று வந்தது. ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் பஸ் நிற்கிற இடம் வரை திரும்பிப் பார்த்திருக்கமாட்டேன். பெனிக்னா உளியை இரண்டு விரற்கடை தள்ளி வைத்துவிட்டு மறுபடி அடித்தாள்.

ஐந்து நாளில் மேல் அடுக்கு முடிந்தது. பதினான்கு கல். தினமும் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தட்டல் வரும். தினமும் இன்னும் கிட்டத்தில் கேட்கும். கிட்டத்தில்தானே கேட்கும்… பாளம் மெலிந்துகொண்டே வந்ததே! அவளே கீழே போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் செவாயோஸ் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். பளபளவென்று ஷூ.

“என்னம்மா, கல்லு ஒடைக்கறியா, காய் நறுக்கறியா?”

“கிட்ட வாங்க, காட்டறேன்,” என்று சம்மட்டியைத் தூக்கினாள். அவன் கிட்டே வரவில்லை.

ஆறாம் நாள் அடி அடுக்கில் ஆப்பு வைத்தாள். அன்றைக்குத்தான் அது நடந்தது. மணி பன்னிரண்டு. ஆப்பை அடித்து இறக்கினாள். இறங்கியது. அடுத்த ஆப்புக்குத் திரும்பினாள். பின்னால் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பார்த்தால்… இறக்கிய ஆப்பு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. முழுதாக வெளியே வந்து சாய்ந்து விழுந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி எழும்பியது. மூன்றாம் தடவையும்.

மூன்றாம் தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. சம்மட்டியை வீசி எறிந்தாள். பாளத்தின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கல்லைப் பட்பட்டென்று அறைந்தாள்.

“யோவ் மாமா! உசுரோட இருந்தப்பவும் ஒரு வழி விடல, செத்தும் விடமாட்டீரா? என்ன, பொம்பளன்னு எளக்காரமா? உம்ம புள்ள இடுப்பு ஒடஞ்சு கெடக்கான். உம்ம பேத்திங்க ரெண்டும் நடுத்தெருவுல நிக்கப் போவுதுங்க. நான் இந்தக் கல்லை வெட்டலைன்னா செவாயோஸ் வருவான். உமக்குச் சிலுவை நடமாட்டான். உம்ம மேல சிமென்டு ஊத்துவான். வீடு கட்டுவான். சரியா உம்ம தலைக்கு மேல கக்கூஸ் வெப்பான். அதுதான் வேணுமா? காலம்பூரா அவன் பேண்டதுக்குக் கீழ கெடக்கறீரா?”

குனிந்து கல்லில் காதை வைத்துக் கேட்டாள்.

“வேணாம்னா எனக்கு எதிரா தட்டாதேயும். மேல இருந்து நான் அடிக்கறேன். கீழ இருந்து நீர் அடியும். அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சது.”

எழுந்து சம்மட்டியை எடுத்தாள். ஆப்பை வைத்து அடித்தாள். டொக். அடியிலிருந்து… டக்-டக். ஆப்பு நின்ற இடத்தில் நின்றது. கல் ‘சர்ர்’ரென்று நேர்கோட்டில் பிளந்தது. அவ்வளவு நேராக அவள் கைக்கு ஒரு நாளும் பிளந்ததில்லை.

கடப்பாறையால் நெம்பி அந்தக் கல்லைப் புரட்டினாள். புரட்டியவள் குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

அடிப்பக்கம் ஏற்கெனவே செதுக்கியிருந்தது. மேடு பள்ளம் இல்லாமல், அரிசிமணி அளவில் வரிசை வரிசையாக உளித் தடம். இருபத்திமூன்று வருஷமாக மண்ணில் அழுந்திக் கிடந்த பக்கம். அதில் ஒரு துளி மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஐந்து பக்கத்தையும் செதுக்கி அடுக்கினாள். ஒன்பதாம் நாள் பொழுது ஏறும்போது பத்தொன்பது கல் இருந்தது.

இன்ஜினியர் ஓர் இளம்பெண். தலைநகர் லீமாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள். கூடவே செவாயோஸும் வந்து நின்றான். அவனை யாரும் அழைக்கவில்லை. குவாரி ஆட்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இன்ஜினியரம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணினாள்.

“பத்தொம்பதுதான் இருக்கு.”

“அப்போ எழுதிடுங்க,” என்றான் செவாயோஸ். “சட்டம்னா சட்டம்.”

“மணி என்னம்மா?” என்று கேட்டாள் பெனிக்னா.

“பன்னெண்டு ஆகப் போகுது.”

“பன்னெண்டு அடிக்கட்டும். அப்புறம் எழுதுங்க.”

பாளத்தில் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. வெளியே தெரிந்த பக்கமெல்லாம் செதுக்கிவிட்டிருந்தாள், பிளந்து எடுப்பதுதான் பாக்கி. அதன் மேல் ஏறி ஆப்பை வைத்தாள். குவாரி ஆட்கள் ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள். ஹெனாரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

டொக்…

டக்-டக்.

இன்ஜினியரம்மா நிமிர்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். “கூட அடிக்கறது யாரு?”

“என் மாமனார்.”

“சாப்பாட்டு நேரம் இல்லையா? அவரைக் கூப்பிடுங்க.”

“அவர் சாப்பிட வரமாட்டாரும்மா. அவர் சுபாவம் அப்படி.”

டொக்… டக்-டக். டொக்… டக்-டக். சோம்பு வாசனை வந்தது. செவாயோஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அடியிலிருந்து வருகிற அதிர்வு அவன் ஷூவுக்கும் தெரிந்திருக்கும் போல. காலை மாற்றி மாற்றித் தூக்கினான். பிறகு பிக்கப்பைப் பார்த்து நடந்தான். பாதி தூரத்தில் நடை ஓட்டமாயிற்று.

இன்ஜினியரம்மா தோளைக் குலுக்கிக்கொண்டு காகிதத்தைப் பத்தொன்பதாவது கல்லின் மேல் வைத்து எழுதினாள். ‘வேலை செய்பவர்கள்: இரண்டு பேர்.’ காற்றில் பறக்காமல் ஓரத்தில் ஒரு சல்லிக்கல்லை வைத்தாள்.

சரியாக அப்போது கடைசிக் கல் பிளந்தது. தட்டல் நின்றது. ஹெனாரோவும் இன்னும் இரண்டு பேரும் பயத்தை விழுங்கிக்கொண்டு ஓடிவந்து கடப்பாறை போட்டார்கள். எலும்பை எடுத்து முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று ஹெனாரோ தன் போர்வையைக்கூட விரித்து வைத்திருந்தார். கல்லைப் புரட்டினார்கள். அதன் அடிப்பக்கமும் ஏற்கெனவே செதுக்கியிருந்தது.

அடியில் ஒன்றும் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, பல் இல்லை. ஒரு பழைய சம்மட்டி மட்டும் கிடந்தது. பெனிக்னா குனிந்து எடுத்தாள். காம்பு வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது.

அவள் அதைக் கீழே போடவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டாள். “இனிமே இது என்னோடது மாமா,” என்றாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

“இருபது. சரியா இருக்கு. வேலை செய்யறவங்க கையெழுத்துப் போடுங்க,” என்று இன்ஜினியரம்மா திரும்பிக் காகிதத்தை எடுத்தாள். எடுத்தவள் கூட்டத்தைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

காகிதம் இருந்த அந்தப் பத்தொன்பதாவது கல்லுக்குப் பக்கத்தில் யாரும் போகவில்லை. எல்லாரும் கடைசிக் கல்லைச் சுற்றித்தான் நின்றார்கள். காகிதத்தில் கையெழுத்துக்கென்று இரண்டு கோடு இருந்தது. மேல் கோடு காலி… பெனிக்னாவுக்காக. கீழ்க் கோட்டில் வெள்ளைத் தூளில் ஒரு கைநாட்டு.

அந்தக் காகிதத்தை எவாரிஸ்தோ தன் கண்ணால் பார்த்திருக்கிறான். கேளுங்கள். மூலையில்தானே இருக்கிறான். இன்னும் எழுந்து என்னைக் கேட்கவில்லை, பாருங்கள்.

கட்டைவிரல். பாதிதான் இருந்தது.