அவள் மனதில் ஓடியது

உங்கள் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல், சார். குறை சொல்லவில்லை. போடிக்காரனுக்கு ஏலக்காய் வாசம் பெரிதாகத் தெரியாது. இன்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

நான் கல்லூரியில் ஆங்கில நாவல் நடத்துகிறவன். அதில் எனக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. ஆசிரியர் 'அவள் நினைத்தாள்' என்று எழுதவே மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் பாத்திரத்தின் மனதுக்குள் போய்விடுவார். 'மழை வலுத்தது. இந்த மழையில் யார் கிளம்புவார்கள், பேசாமல் இருந்துவிடலாம்.' இருந்துவிடலாம் என்பது ஆசிரியர் சொல்வதா, அவள் நினைப்பதா? பிரிக்க முடியாது. இதை நடத்தும்போது பையன்கள் கொட்டாவி விடுவார்கள். என் மகள் கார்த்திகா மட்டும் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். என்ன வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்க விட்டதில்லை. அவளுக்குப் புளிப்பு பிடிக்காது, கூட்டம் பிடிக்காது, வெளியூர் பிடிக்காது. எனக்குத் தெரியும்.

அந்த உத்தியைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குத்தான் இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. எனக்குச் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறாள். "உனக்கு அங்க ஒத்துக்காதும்மா" என்றேன்.

"அப்பா, நீங்க எல்லார் மனசுக்குள்ளயும் போயி உக்காந்துக்கிறீங்க. எங்களுக்கு அங்க எடமே இல்லப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. இங்கிலாந்துக்குக் கிளம்பும் அன்று காலையில் சொல்லிக்கொண்டு போக அங்கே வந்தாள். மதியம் கீழே இறங்கும் ஜீப்பில் போய், ராத்திரி விமானம் பிடிக்க வேண்டும். பெட்டி போடியில் தயாராக இருந்தது.

தோட்டத்தில் காய் உலர்த்தும் அறையை ஸ்டோர் என்போம். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கதவை இறுக்கிச் சாத்தி, வெளியே அடுப்பில் விறகு வைப்பார்கள். சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். நெருப்புப் போட்டுவிட்டால் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். திறந்தால் காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

அன்றைக்குக் காய் பரப்பியாகிவிட்டது, நெருப்பு இன்னும் போடவில்லை. போன தடவை உலர்த்திய காய் ஒரு சாக்கு மூலையில் கிடந்தது. ஹாஸ்டலுக்கு ஒரு கை அள்ளிக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தி, வெளியே கொண்டியை மாட்டினேன்.

ஜீப் போனதும் திறந்துவிடலாம் என்றுதான். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஜீப் தவறினால் விமானம் தவறும். தவறட்டுமே, இந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது, போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்காதா. கதவைத் தட்டினாள். கோபத்தில் இல்லை, சும்மா சிணுங்கல்.

அப்போது பார்த்து அமாவாசை விறகோடு வந்துவிட்டான். எங்கள் தோட்டத்தில் ரொம்ப நாளாக அடுப்புப் பார்க்கிறவன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் அவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"சார், உள்ள ஏதோ சத்தம் கேக்குது."

"தட்டு சரிஞ்சிருக்கும். நீ வெரசா விறக வையி" என்றேன்.

பெற்ற மகளைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு பேராசிரியன். வெட்கமாக இருந்தது. அவன் பற்ற வைத்தான்.

ஜீப்புக்காரர் பிரபு வந்து ஹாரன் அடித்தார். பாப்பா முன்னாடியே போய்விட்டாள் என்றேன். ஜீப் போய்விட்டது. கதவைத் திறந்திருக்கலாம். அமாவாசை அடுப்படியை விட்டு நகரவில்லை. சாயங்காலம் டீ குடிக்கப் போவான், அப்போது திறக்கலாம் என்று குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நடுவில் தட்டல் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள். எத்தனை நாள் அலைச்சல், கதகதப்பாக இருக்கிறது, கொஞ்சம் கண்ணை மூடலாம்.

அமாவாசையை விட்டுவிடுங்கள் சார். உள்ளே ஆள் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் அவன் டீக்குப் போனதும்தான் கதவைத் திறந்தேன். திரும்பி வந்து பார்த்து என்னைவிடச் சத்தமாக அழுதவன் அவன். என் மகளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவள் கையில் அந்த ஏலக்காய் அப்படியே இருந்தது. அதைப் பிரித்து எடுக்க என்னால் முடியவில்லை.

உள்ளேயிருந்து ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். சொன்னாள். "அப்பா, மூச்சு முட்டுது, தெறங்கப்பா" என்றாள். நாலைந்து தரம் சொன்னாள். அதை எழுதிக்கொள்ள வேண்டாம் சார். அவள் மனதில் ஓடியது அது இல்லை.