வடக்கு மூலை

பொன்னுத்துரை: மாப்ள... ஏ பரணி. பனியில ஆளே தெரியல. எங்க நிக்கிற?

பரணி: இங்கதான். வரப்புலயே நில்லு மச்சான், உள்ள எறங்காத.

பொன்னுத்துரை: ஏன், பாம்பா?

பரணி: இல்ல... நில்லேன்.

பொன்னுத்துரை: மக்காச்சோளம் ஒடிச்சு இருவது நாளாச்சு. கட்டை அப்பிடியே நிக்குது. பொண்டாட்டி போனதும் நெலத்தையும் கைவிட்டுட்டான்னு ஊரே பேசுது. உழுதுட்டுத்தான் வரணும்னு அம்மா வெரட்டி விட்டுருச்சு. டிராக்டரு ரோட்டுல நிக்குது.

பரணி: நிக்கட்டும்.

பொன்னுத்துரை: ஒரு மணி நேர வேலை. உளுந்து போட வேணாமா?

பரணி: போட்டாச்சு.

பொன்னுத்துரை: எதுல?

பரணி: இதுலதான். கட்டைக்கு நடுவுல குச்சியால குத்தி, குழிக்கு ரெண்டு வெதை. மூணு நாளா.

பொன்னுத்துரை: உழாமலா... யாரு சொல்லிக் குடுத்தா?

பரணி: ஒன் தங்கச்சி.

பொன்னுத்துரை: அன்புவா?

பரணி: புரட்டாசியில காந்திகிராமத்துக்கு விவசாயப் பயிற்சிக்குப் போனாள்ல. வந்ததுல இருந்து இதே பேச்சு. உழாட்டி ஈரம் நிக்குமாம், மண்புழு வருமாம். வடக்கு மூலையவாச்சும் உழாம விடுங்கன்னா. நான் சிரிச்சேன்.

பொன்னுத்துரை: ம்.

பரணி: மக்காச்சோளம் போட எல்லாத்தையும் உழச் சொல்லி ஒன்னய விட்டுட்டு டவுனுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா ஒரு வார்த்தை கேக்கல. சோறு போட்டா. அந்தக் கோவத்தோடயே கார்த்திகையில கண்ண மூடிட்டா.

பொன்னுத்துரை: அது கோவம் இல்ல மாப்ள.

பரணி: ஒனக்கென்ன தெரியும்... ஒண்ணு சொல்றேன், சிரிக்காத.

பொன்னுத்துரை: சொல்லு.

பரணி: மத்த எடத்துல குச்சிய அழுத்திக் குத்த வேண்டியிருக்கு. வடக்கு மூலையில மட்டும் வச்சாலே எறங்குது. மெத்துன்னு. நேத்துக் கனவுல அவ அங்க நடந்துக்கிட்டு இருந்தா... வெறுங்கால்ல. கால் பட்ட எடமெல்லாம் மண்ணு மெல்ல மூச்சு விடுது.

பொன்னுத்துரை: அந்த மூலையிலயா?

பரணி: கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனைக்கிற.

பொன்னுத்துரை: இல்லப்பா.

பரணி: கலப்பைய எறக்குனா வண்டிக்கு முன்னால நிப்பேன் மச்சான்.

பொன்னுத்துரை: நீ ரெண்டாவது ஆளு.

பரணி: என்னது?

பொன்னுத்துரை: அன்னைக்கு நீ டவுனுக்குப் போனதும் அவ வண்டிக்கு முன்னால வந்து நின்னா, அந்த மூலையில. அத மட்டும் நான் உழல மாப்ள. ரெண்டு பேருமா வைக்கோலப் பரப்பி மறைச்சோம். "கதிர் ஒடிக்கிறப்ப நானே அவரக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதண்ணே"ன்னா.